ஈஸ்டுக்கு உணவும் எண்ணெய், நஞ்சும் எண்ணெய்

மாணவர்களே, கடந்த ஆண்டு எங்கள் பள்ளிக் காற்பந்துக் குழுவில் ஒரு மாணவன் இருந்தான். பிற்பகல் வெயில் கொளுத்தும்போதும் நீண்டகைச் சட்டையோடுதான் திடலில் இறங்குவான். காரணம் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவான். ஒருநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து மற்றவர்கள் போன பிறகு, தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். சட்டைக் கையை மேலே சுருட்டினான். முழங்கையிலிருந்து தோள்வரை வெளிறிய திட்டுகள். தேமல்! மலாய்மொழியில் 'பனாவ்' என்பார்கள்.

பிறகு பையிலிருந்து ஒரு சிறிய குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தான். "டீச்சர், அம்மா இணையத்துல வாங்கினாங்க. 45 ரிங்கிட். பூஞ்சணத்தைக் கொன்னுடுமாம். உண்மையா டீச்சர்?"

குப்பியில் 'ஓசோன் ஏற்றிய தேங்காய் எண்ணெய்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே 'ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டது' என்ற வாசகம். எந்த ஆய்வு, எங்கே நடந்தது என்ற விவரம் எதுவும் இல்லை.

உடனே 'பொய்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால், ஓசோன் ஏற்றிய எண்ணெய் ஈஸ்டைக் கொல்கிறது என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்றுகள் உண்மையிலேயே இருக்கின்றன. 'உண்மை' என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால், அந்தக் குப்பியில் இருப்பது அதே பொருள்தானா? இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டேன். மாணவனின் பெயரைச் சொல்லாமல், கேள்வியை மட்டும் படிவம் 5 வேதியியல் வகுப்புக்குக் கொண்டு போனேன். அங்கே நாங்கள் கண்டறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தேமலுக்குக் காரணம் ஓர் ஈஸ்ட்

ஈஸ்ட் என்றதும் ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்தான் நம் நினைவுக்கு வரும். ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல்லாக வாழும் பூஞ்சணம். அதில் பல வகைகள் உண்டு. ரொட்டி ஈஸ்ட் நமக்கு நண்பன். கேண்டிடா என்ற ஈஸ்ட் வாயிலும் குடலிலும் அமைதியாக வாழ்ந்துகொண்டு, உடலின் எதிர்ப்பாற்றல் குறைந்தால் நோயைத் தரும். மலசீசியா என்ற மூன்றாவது வகை, ஏறக்குறைய எல்லா மனிதர்களின் தோலிலும் வாழ்கிறது. பொடுகுக்கும் தேமலுக்கும் தொடர்புடையது இந்த வகைதான்.

மலசீசியாவுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. தனக்குத் தேவையான கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் திறன் அதற்குக் கிடையாது. நம் தோலில் சுரக்கும் எண்ணெயிலிருந்துதான் அதை எடுத்துக்கொள்கிறது. ஆய்வுக்கூடத்தில் இதை வளர்க்க விரும்புவோர், அகார் தட்டின் மேல் ஆலிவ் எண்ணெயைப் பூசுவது வழக்கம். எண்ணெய் இல்லாத சாதாரணத் தட்டில் பெரும்பாலான மலசீசியா வகைகள் வளர்வதே இல்லை!

வெப்பமும் ஈரப்பதமும் வியர்வையும் சேரும்போது இந்த ஈஸ்ட் இழைபோல் நீண்டு வளர்ந்து தேமலை உண்டாக்குகிறது. நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் தேமல் அதிகம் காணப்படுவதற்கு இதுவே காரணம். தேமல் வந்தவர் அழுக்கானவர் அல்லர். தேமல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. கிண்டல் செய்யும் நண்பர்களுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

சரி, எண்ணெய்தான் இந்த ஈஸ்டுக்கு உணவு என்றால், எண்ணெயைப் பூசி அதைக் கொல்வது எப்படி? அந்த எண்ணெயில் ஓசோன் என்ன மாற்றத்தைச் செய்கிறது?

மூன்றாவது அணு

நாம் சுவாசிக்கும் உயிர்வளியான ஆக்சிஜன் மூலக்கூறில் 2 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. ஓசோனில் 3 அணுக்கள். கிறிஸ்டியன் ஷோன்பைன் என்ற வேதியியலாளர், நீரை மின்னாற்பகுப்பு செய்தபோது ஒரு வித்தியாசமான வாடையை உணர்ந்தார். அது ஒரு புதிய பொருளின் வாடை என்று 1840இல் அறிவித்து, 'மணத்தல்' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஓசோன்' என்ற பெயரைச் சூட்டினார். மின்னல் வெட்டிய பிறகும், நகலெடுக்கும் இயந்திரத்தின் அருகிலும் சில வேளைகளில் அந்த வாடையை நீங்களும் முகர்ந்திருக்கலாம்.

ஓசோன் நிலையற்ற மூலக்கூறு. எலெக்ட்ரான்கள் எங்கே எளிதாகக் கிடைக்கின்றனவோ அங்கே பாய்ந்து வினைபுரியும். தாவர எண்ணெயில் அப்படிப்பட்ட ஓர் இடம் இருக்கிறது. அதுதான் கார்பன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு.

எத்தீன் வாயுவைப் புரோமின் நீருக்குள் செலுத்தினால் பழுப்பு நிறம் மறைவதை வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்கே இரட்டைப் பிணைப்பில் புரோமின் சேர்கிறது. எண்ணெய்க்குள் ஓசோனைக் குமிழியிட்டால், அதே இரட்டைப் பிணைப்பில் ஓசோன் சேர்கிறது. ஆனால், அது சேர்வதோடு நிற்பதில்லை. சங்கிலியை அந்த இடத்தில் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட இரண்டு துண்டுகளும் மீண்டும் ஒட்டிக்கொண்டு, 2 கார்பனும் 3 ஆக்சிஜனும் கொண்ட ஐந்து முனை வளையமாக மாறுகின்றன. இதற்கு ஓசோனைடு என்று பெயர். இந்த வினை படிப்படியாக நடக்கும் விதத்தை விளக்கியவர் ருடோல்ப் கிரீகி என்ற ஜெர்மானிய வேதியியலாளர்.

ஓசோனைடோடு பெராக்சைடுகள், ஆல்டிஹைடுகள், குட்டையான கொழுப்பு அமிலங்கள் ஆகியவையும் உண்டாகின்றன. இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியும். மஞ்சளும் பச்சையும் கலந்த ஆலிவ் எண்ணெய், நீண்ட நேரம் ஓசோன் ஏற்றப்பட்ட பிறகு நிறம் வெளுத்து நெய்போல் கெட்டியாகிவிடும்.

இதில் ஒரு நன்மை உண்டு. ஓசோன் வாயுவைக் குப்பியில் அடைத்து வைக்க முடியாது, விரைவில் சிதைந்துவிடும். ஆனால், அதன் ஆக்சிஜனேற்றும் ஆற்றலின் ஒரு பகுதி ஓசோனைடாகவும் பெராக்சைடாகவும் எண்ணெய்க்குள் தங்கிவிடுகிறது. வெப்பமும் ஒளியும் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

ஈஸ்ட் சாவது எப்படி?

ஈஸ்ட் செல்லைச் சுற்றி ஒரு சவ்வு உண்டு. அதுவும் கொழுப்பால் ஆனதே. அதற்கு உறுதி தருவது எர்கோஸ்டெரால் என்ற பொருள். நம் செல்களில் கொலஸ்டெரால் செய்யும் வேலையைப் பூஞ்சணத்தில் எர்கோஸ்டெரால் செய்கிறது. எர்கோஸ்டெராலில் 3 இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. பெராக்சைடுகளும் ஆல்டிஹைடுகளும் சவ்வின் கொழுப்பையும் அதில் பதிந்துள்ள புரதங்களையும் சிதைக்கின்றன. சவ்வில் ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது வெளியே கசிந்து செல் மடிகிறது.

ஈஸ்டும் சும்மா இருப்பதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும் கேட்டலேஸ் என்ற நொதி அதனிடம் உண்டு. ஆனால், அந்த நொதி சிறிய மூலக்கூறுகளுக்கு ஏற்றது. எண்ணெயிலிருந்து உருவான பருமனான பெராக்சைடுகளை அதனால் எளிதில் உடைக்க முடியாது. அவற்றைச் சமாளிக்கும் வேறு நொதிகளும் ஈஸ்டிடம் இருக்கின்றன. ஆனால், பெராக்சைடின் அளவு மிகும்போது அவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

இந்த ஆய்வுகளில் அறிவியலாளர்கள் ஆர்வம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. பூஞ்சணத்தின் செல் பாக்டீரியாவைப்போல் எளிமையானது அன்று. உட்கருவோடு, நம் செல்லின் அமைப்பை ஒத்திருக்கிறது. ஆகவே, நம்மைப் பாதிக்காமல் பூஞ்சணத்தை மட்டும் தாக்கும் மருந்தைக் கண்டுபிடிப்பது கடினம். இருக்கும் மருந்து வகைகளும் குறைவு. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் கவனிக்க வேண்டிய 19 பூஞ்சணங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் மிக அவசரப் பிரிவில் உள்ள நான்கில் இரண்டு கேண்டிடா வகைகள். அவற்றில் ஒன்றான கேண்டிடா ஆரிஸ், ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுக்கப்பட்டு 2009இல்தான் உலகுக்கு அறிமுகமானது. வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அது மசிவதில்லை.

எதோடு ஒப்பிட்டு?

'ஓசோன் எண்ணெய் விட்ட தட்டில் ஈஸ்ட் வளரவில்லை' என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே நம்பிவிடலாமா? என் மாணவி ஒருத்தி கையை உயர்த்தி, "எதோடு ஒப்பிட்டு, டீச்சர்?" என்று கேட்டாள். அன்றைய பாடத்தின் மிகச் சிறந்த கேள்வி அதுதான்.

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவற்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இந்த ஆராய்வை முறையாகச் செய்ய ஒரு தட்டு போதாது. எங்கள் வகுப்பு வெண்பலகையில் எழுதிய பட்டியல் இது:

1. ஈஸ்ட் மட்டும் உள்ள தட்டு. ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்பதை இது காட்டும்.

2. ஈஸ்டும் ஓசோன் ஏற்றாத அதே எண்ணெயும். எண்ணெயே ஈஸ்டைத் தடுக்கிறதா என்பது தெரியும்.

3. ஈஸ்டும், ஓசோனுக்குப் பதிலாக வெறும் ஆக்சிஜனை அதே நேரத்துக்குக் குமிழியிட்ட எண்ணெயும்.

4. ஈஸ்டும் ஓசோன் ஏற்றிய எண்ணெயும்.

5. ஈஸ்டும் ஏற்கெனவே பலன் தெரிந்த ஒரு பூஞ்சண மருந்தும்.

ஒவ்வொன்றையும் பலமுறை திரும்பச் செய்ய வேண்டும். எண்ணெயின் அளவும் வெப்பநிலையும் ஈஸ்டின் அளவும் மாறக்கூடாது.

இரண்டாவது தட்டு மிகவும் முக்கியம். ஏன் தெரியுமா? நைஜீரியாவின் இபாடான் நகரில் நடந்து, 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓசோன் எதுவும் ஏற்றாத சாதாரணத் தேங்காய் எண்ணெயே கேண்டிடா ஈஸ்டின் வளர்ச்சியை ஆய்வுக்கூடத்தில் தடுத்தது. ஆகவே, 'ஓசோன் ஏற்றிய தேங்காய் எண்ணெய் கேண்டிடாவைத் தடுத்தது' என்று ஒருவர் சொன்னால், அந்தப் பெருமை ஓசோனுக்கா தேங்காய்க்கா? இரண்டாவது தட்டு இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அகாரில் இருப்பது பெரும்பாலும் நீர். எண்ணெய் நீரில் கலக்காது. அதனால் அகாரில் சரியாகப் பரவாது. எண்ணெய்த் துளியைச் சுற்றி ஈஸ்ட் வளராத வட்டம் சிறியதாக இருந்தால், எண்ணெய்க்கு ஆற்றல் இல்லை என்றும் பொருள் கொள்ளலாம். ஆற்றல் இருந்தும் பரவவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். இதைத் தவிர்க்க எண்ணெயை நீரோடு கலக்கச் செய்யும் பால்மமாக்கியைச் சேர்ப்பார்கள். ஆனால், பரவலாகப் பயன்படும் ஒரு பால்மமாக்கி ஒலியிக் அமிலத்திலிருந்தே செய்யப்படுகிறது. மலசீசியாவுக்கு அதுவும் உணவு! ஆகவே, பால்மமாக்கி மட்டும் சேர்த்த ஆறாவது தட்டும் வேண்டும்.

தேங்காய் எண்ணெயின் கணக்கு

இனி அந்தக் குப்பிக்கு வருவோம். ஓசோன் ஒட்டிக்கொள்ள இரட்டைப் பிணைப்பு வேண்டும் என்று பார்த்தோம். எந்த எண்ணெயில் எவ்வளவு இரட்டைப் பிணைப்பு உண்டு என்பதை அயோடின் எண் காட்டும். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறது என்பதே அந்த எண். சூரியகாந்தி எண்ணெய்க்கு அது 118 முதல் 141 வரை. ஆலிவ் எண்ணெய்க்கு 75 முதல் 94 வரை. நம் நாட்டுச் செம்பனை எண்ணெய்க்கு 50 முதல் 55 வரை. தேங்காய் எண்ணெய்க்கு? ஏறக்குறைய 6 முதல் 11 வரை மட்டுமே!

தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றவை. அவற்றில் இரட்டைப் பிணைப்பு கிடையாது. ஆகவே, எவ்வளவு நேரம் ஓசோனைக் குமிழியிட்டாலும், ஆலிவ் எண்ணெய் ஏற்கும் ஓசோனில் பத்தில் ஒரு பங்கு அளவைத்தான் தேங்காய் எண்ணெயால் ஏற்க முடியும்.

வகுப்பிலும் சோதித்தோம். புகைவெளியேற்றிக்குள் வைத்து, ஒரே அளவு எண்ணெயில் புரோமின் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினோம். சூரியகாந்தி எண்ணெய் சொட்டுக்குச் சொட்டு நிறத்தைப் போக்கிக்கொண்டே போனது. தேங்காய் எண்ணெயில் சில சொட்டுகளிலேயே பழுப்பு நிறம் தங்கிவிட்டது. பின்வரிசையில் ஒருவன், "அப்போ 45 ரிங்கிட்?" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை.

தட்டு வேறு, தோல் வேறு

அப்படியானால் ஓசோன் எண்ணெய் எல்லாமே ஏமாற்றா? அப்படியும் சொல்லிவிட முடியாது. கியூபாவின் ஹவானா நகரில் உள்ள ஓசோன் ஆய்வு மையம், சூரியகாந்தி எண்ணெயில் ஓசோனை ஏற்றி ஒரு மருந்தை உருவாக்கியது. கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் உள்ள 200 பேரிடம் அது சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2002இல் வெளிவந்தன. ஒரு குழுவினருக்கு ஓசோன் எண்ணெய். மற்றொரு குழுவினருக்குக் கெட்டோகோனசோல் என்ற வழக்கமான களிம்பு. இரு குழுவிலும் பெரும்பாலோர் குணமடைந்தனர்.

நல்ல செய்திதான். ஆனால், அதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம்? அங்கே பயன்படுத்தியது சூரியகாந்தி எண்ணெய். நம் குப்பியில் இருப்பது தேங்காய் எண்ணெய். அங்கே நோய்க்குக் காரணம் இழைப் பூஞ்சணம். தேமலுக்குக் காரணம் ஈஸ்ட். மருந்தை உருவாக்கியவர்களே சோதித்த ஆய்வு அது. தொடர்பில்லாத மற்றவர்களும் செய்து அதே முடிவைப் பெறும்போதுதான் நம்பிக்கை வலுப்படும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பெராக்சைடு, ஈஸ்டின் சவ்வு எது, நம் சவ்வு எது என்று பார்த்துத் தாக்குவதில்லை. நம் தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது என்பதால் ஓரளவு தாங்கும். கண்ணுக்கும் திறந்த காயத்துக்கும் அந்தக் கவசம் கிடையாது. இத்தகைய எண்ணெயைக் குடிப்பது இன்னும் ஆபத்து.

'நாங்களே ஓசோன் ஏற்றிப் பார்க்கலாமா, டீச்சர்?' என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில், 'கூடாது' என்பதே. வானத்தில் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசோன் நம்மைப் புறஊதாக் கதிரிலிருந்து காக்கிறது. மூக்கருகே வரும் ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும். அமெரிக்காவில் வேலையிடங்களுக்கு விதித்த 8 மணி நேரச் சராசரி வரம்பு, காற்றில் 1 கோடியில் 1 பங்கு மட்டுமே. புகைமூட்டக் காலத்தில் நாம் பார்க்கும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் ஆறு மாசுகளில் ஓசோனும் ஒன்று.

நீங்களே செய்து பாருங்கள்

ஓசோன் இல்லாமலேயே இந்தப் பாடத்தின் ஒரு பகுதியை ஆசிரியரின் மேற்பார்வையில் செய்து பார்க்கலாம். ரொட்டி ஈஸ்டை வெதுவெதுப்பான நீரில் கலந்து இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். இரண்டு சோதனைக் குழாய்களில் அவற்றை ஊற்றி, மருந்தகத்தில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரே அளவு சேர்த்து உற்றறியுங்கள். கொதிக்க வைக்காத ஈஸ்ட் நுரைத்துப் பொங்கும். கேட்டலேஸ் வேலை செய்வதன் அடையாளம் அது. கொதிக்க வைத்த ஈஸ்டில் என்ன நடக்கிறது, ஏன் என்று எழுதுங்கள். அந்த இரண்டாவது குழாய் இல்லாவிட்டால், நுரைக்குக் காரணம் ஈஸ்டின் நொதிதான் என்று உங்களால் சொல்ல முடியுமா என்றும் யோசியுங்கள்.

அந்த மாணவனுக்குச் சொன்ன பதில்

இரண்டு நாள் கழித்து அவனை அழைத்தேன். அயோடின் எண்களை அவனுக்கும் விளக்கினேன். "ஓசோன் எண்ணெய் ஈஸ்டைக் கொல்லும் என்பதில் உண்மை உண்டு. ஆனால், உன் குப்பியில் அந்த வேலையைச் செய்யக்கூடிய பொருள் அதிகம் இருக்க வாய்ப்பில்லை. எண்ணெயை விரும்பிச் சாப்பிடும் ஈஸ்டுக்கு நீ தினமும் எண்ணெய் பூசிக்கொண்டிருக்கலாம்" என்றேன். குப்பியைத் திருப்பிப் பார்த்தோம். நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்துகளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். இதில் இல்லை.

அம்மாவோடு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போனான். மருத்துவர் தோலை லேசாகச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாராம். தேமல் ஈஸ்ட் நுண்ணோக்கியில் துண்டு மீயும் மீன் உருண்டையும் கலந்து கிடப்பதுபோல் தெரியும். பூஞ்சணத்துக்கான ஷாம்பு கொடுத்து, எப்படிப் பூசிக் கழுவ வேண்டும் என்று சொல்லியனுப்பினார். ஈஸ்ட் போன பிறகும் தோலின் நிறம் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம் என்றும் முன்கூட்டியே சொன்னாராம்.

அடுத்த மாதம் மாவட்ட ஆட்டத்தில் அவனைப் பார்த்தேன். கையில் திட்டுகள் இன்னும் மறையவில்லை. ஆனால், அணிந்திருந்தது குட்டைக்கைச் சட்டை. "தொத்தாதுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன் டீச்சர்" என்றான்.

அந்தக் குப்பி இப்போது எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மாறிகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது அதை எடுத்து மேசைமேல் வைக்கிறேன். 'ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டது' என்ற வாசகத்தைப் படிக்கச் சொல்கிறேன். பிறகு காத்திருக்கிறேன். யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: "எதோடு ஒப்பிட்டு, டீச்சர்?"